எல்லா ஓட்டிலும் தோற்றவர்களுக்கு எங்கிருந்து செல்வாக்கு? அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் வர்த்தக ஒப்பந்தங்களும்

#1 வெட்டிவேர் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளா மண்டையைக் குடையுற ஒரு விஷயம், இங்க கேட்டுடறேன். 1993ல அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணும் சேர்ந்த வர்த்தக ஒப்பந்தம் நாஃப்டா. 2000ல சீனாவுக்கு நிரந்தர வர்த்தகச் சலுகை. 2005ல மத்திய அமெரிக்க நாடுகளோட காஃப்டா. 2015ல ஒபாமாவுக்கு ஃபாஸ்ட் டிராக் அதிகாரம் (ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் திருத்த முடியாது, ஆமா இல்லன்னு மட்டும் ஓட்டுப் போடலாம்). நாலையும் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் முழு மூச்சா எதிர்த்தாங்க. நாலும் நிறைவேறிடுச்சு.

அப்புறமும் பத்திரிகைக்காரங்க "டெமாக்ரடிக் கட்சியைச் சங்கங்கள் ஆட்டிப்படைக்குது"ன்னே எழுதறாங்க. ஆடின ஆட்டத்துல எல்லாம் தோக்குறவன் எப்படிங்க ஆட்டிப்படைப்பான்? அதுவும் அங்க மொத்தத் தொழிலாளர்ல பத்துல ஒருத்தர்தான் சங்கத்துல இருக்காங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. போன தடவை மாதிரி சண்டை போட்டு இழையைப் பூட்ட வெச்சிடாதீங்க.

#2 தராசு

முதலில் எண்கள். எல்லாம் பிரதிநிதிகள் சபை ஓட்டுகள். (இந்த இழையில் யாராவது "காங்கிரஸ்" என்றால் அமெரிக்க நாடாளுமன்றம் என்று படிக்கவும். கை சின்னம் இல்லை.)

நாஃப்டா, 1993 நவம்பர் 17: 234க்கு 200. கொண்டுவந்தவர் கிளிண்டன், அவருடைய டெமாக்ரடிக் கட்சிக்கே சபையில் பெரும்பான்மை. ஆனால் அந்தக் கட்சியில் ஆதரித்தவர்கள் 102 பேர், எதிர்த்தவர்கள் 156 பேர். கரை சேர்த்தது 132 ரிபப்ளிகன்கள். சபையில் அவருடைய சொந்தக் கட்சிக் கொறடா டேவிட் பானியரே எதிரணிக்குத் தலைமை தாங்கினார். மிச்சிகன்காரர்.

சீனா, 2000 மே: 237க்கு 197. டெமாக்ரடிக் ஆதரவு 73.

காஃப்டா, 2005 ஜூலை: 217க்கு 215. டெமாக்ரடிக் ஆதரவு 15. நள்ளிரவில், ஓட்டெடுப்பு நேரத்தை இழுத்துப் பிடித்து வாங்கிய இரண்டு ஓட்டு வித்தியாசம்.

ஃபாஸ்ட் டிராக், 2015 ஜூன் 18: 218க்கு 208. டெமாக்ரடிக் ஆதரவு 28, அதுவும் கேட்டவர் அவர்கள் கட்சியின் குடியரசுத் தலைவர்.

102, 73, 15, 28. உங்கள் கேள்விக்குப் பதில் இந்த வரிசையில் இருக்கிறது. இறுதி முடிவைப் பார்த்தால் நான்கும் தோல்வி. ஒரு கட்சிக்குள் நடந்ததைப் பார்த்தால் வேறு கதை: நான்கிலும் டெமாக்ரட்களில் ஆதரித்தவர்கள் சிறுபான்மைதான்.

தவிர, உங்கள் பட்டியலில் ஜெயித்தவை விடுபட்டிருக்கின்றன. 1997 நவம்பரில் ஓட்டுத் தேறாது என்று தெரிந்து கிளிண்டன் ஃபாஸ்ட் டிராக் மசோதாவை ஓட்டெடுப்புக்கு முன்பே விலக்கிக்கொண்டார். 1998ல் மறுபடி வந்தபோது 180க்கு 243 என்று தோற்றது. 2002 வரை அந்த அதிகாரம் எந்தக் குடியரசுத் தலைவருக்கும் கிடைக்கவில்லை.

#3 பனியன்_கம்பெனி

எண்ணெல்லாம் சரிங்க. இதுல பெரிய ரகசியம் என்ன இருக்கு? தேர்தல் நிதி சங்கம் குடுக்குது, வீடு வீடாப் போய் ஓட்டுக் கேக்க ஆளு சங்கம் குடுக்குது. வாங்கினவன் கேட்டுத்தான ஆகணும். நம்ம ஊர்லயும் இதுதான் கதை.

ஆனா "தொழிலாளர் உரிமை"ங்கற பேர்ல அவங்க கேக்கறது என்னன்னு பாருங்க. எங்க மாதிரி ஊருலருந்து சரக்கு வரக்கூடாது, அவ்ளோதான். நான் திருப்பூர்ல பதினாறு வருஷமா மெர்ச்சண்டைசிங்ல இருக்கேன். பையர் ஒரு பக்கம் பீஸுக்கு அஞ்சு ரூவா கொறைன்னு மெயில் போடுவான், இன்னொரு பக்கம் கம்ப்ளையன்ஸ் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவான்.

#4 மிச்சிகன்_மாமா

தம்பி வெட்டிவேர், நல்ல கேள்வி. தராசு எண்ணைச் சொல்லிட்டாரு, நான் ஷாப் ஃப்ளோர்ல பார்த்ததைச் சொல்றேன்.

நான் இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி, பேரு வேண்டாம். கதவோட உள்பக்கப் பலகை, சீட் ஃப்ரேம் இந்த மாதிரி. நான் சேர்ந்த கொஞ்ச வருஷத்துல அங்க சங்கம் அமைக்க ஒரு முயற்சி நடந்தது. கையெழுத்து அட்டை கைமாறி ஓடுச்சு. நான் இன்ஜினியர், எனக்கு அதுல ஓட்டுக் கிடையாது, வேடிக்கை பார்த்தவன்.

ஒரு திங்கக்கிழமை காலைல சாப்பாட்டு அறைச் சுவர்ல பெரிய போட்டோ ஒண்ணு தொங்குது. மெக்சிகோவுல நம்ம கம்பெனியோட புது பிளான்ட். கீழ ஒரு வார்த்தை கிடையாது. மிரட்டல்னு யாரும் கேஸ் போட முடியாது, வெறும் போட்டோதானே! அந்த வாரம் முழுக்க ஜனங்க அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உக்காந்து சாப்பிட்டாங்க. ஓட்டெடுப்புல சங்கம் தோத்துடுச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நாஃப்டாவால எத்தனை வேலை போச்சுன்னு பொருளாதார நிபுணர்கள் முப்பது வருஷமாச் சண்டை போடறாங்க. சங்கத்துக்காரங்க பயந்தது போன வேலையை மட்டும் நினைச்சு இல்ல. "போயிடுவேன்"னு சொல்ல முடியறதே போதும். கார்னெல் பல்கலைக்கழகத்துல கேட் பிரான்ஃபென்ப்ரெனர்னு ஒரு ஆய்வாளர், நாஃப்டா வந்த சமயத்துல நடந்த சங்க அமைப்பு முயற்சிகளை எடுத்து ஆராய்ஞ்சாங்க. ஏறக்குறையப் பாதி இடங்கள்ல முதலாளி, பிளான்ட்டை மூடிடுவேன்னோ மாத்திடுவேன்னோ பயமுறுத்தியிருக்காரு. அந்த ஆய்வுக்கு ஏற்பாடு பண்ணதே நாஃப்டாவோட தொழிலாளர் துணை ஒப்பந்தத்துக்கான செயலகம்தான்.

நிதி குடுக்கறாங்க, கேக்கறாங்கன்னு பனியன் சொல்றது பாதிதான் சரி. பணம்னா கம்பெனிகள் பல மடங்கு அதிகமாக் குடுக்குது. சங்கம்கிட்ட இருக்கறது ஊர் ஊரா இருக்கற "லோக்கல்", அதாவது கிளைச் சங்கம். ஒவ்வொரு லோக்கலுக்கும் ஒரு நம்பர், ஒரு கட்டடம், ஒரு கூட்ட அறை. ஒரு எம்.பி. ஊருக்கு வந்தா அந்தக் கூட்ட அறைக்குப் போய்த்தான் ஆகணும், அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு அவரு எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டாருன்னு தெரியும். மத்த விஷயத்துல மழுப்பலாம். ஃபாஸ்ட் டிராக்ல ஆமா, இல்ல ரெண்டுதான்.

#5 தராசு

மாமா சொன்னதில் ஒரு எச்சரிக்கை. நாஃப்டாவால் 2010 வரை சுமார் 6.8 லட்சம் வேலைகள் இடம்பெயர்ந்தன என்று பொருளாதாரக் கொள்கை நிறுவனம் (இபிஐ) சொன்னது. சங்கங்களின் ஆதரவு பெற்ற ஆய்வகம் அது. வர்த்தகப் பற்றாக்குறையை அப்படியே வேலைக் கணக்காக மாற்றும் முறையைப் பல பொருளாதார அறிஞர்கள் ஏற்பதில்லை. 1994 டிசம்பரில் பெசோ சரிந்ததும் அந்தப் பற்றாக்குறைக்கு ஒரு பெரிய காரணம், அதை ஒப்பந்தத்தின் தலையில் கட்ட முடியாது.

சீனா விவகாரத்தில் சங்கங்கள் சொன்னதற்கு நல்ல ஆதாரம் பின்னால் வந்தது. ஆட்டர், டார்ன், ஹான்சன் மூவரும், அவர்களோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வுகளின்படி, 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் இழந்த வேலைகள் 20 லட்சத்துக்கும் மேல். எண்ணைவிட முக்கியம், அது ஒரே மாதிரி பரவவில்லை. குறிப்பிட்ட சில மாவட்டங்களில் மொத்தமாக இறங்கியது, அங்கிருந்து ஜனங்கள் எதிர்பார்த்தபடி வேறு ஊருக்கு நகரவும் இல்லை. 2000ல் நாஃப்டாவை விடவும் நியாயமான பயம் இருந்தது. ஆனால் நாஃப்டாதான் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது.

#6 ஓய்வு_தோழர்

வணக்கம் நண்பர்களே. திரு. பனியன் கம்பெனி எழுப்பிய ஐயத்தை எங்கள் தலைமுறை அப்படியே எழுப்பியது. அதனால் அவர்மீது கோபம் வரவில்லை.

1990களின் நடுவில் உலக வர்த்தக அமைப்பில் "சமூக விதி" ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவும் மேலைநாட்டுத் தொழிற்சங்கங்களும் கேட்டன. தொழிலாளர் உரிமையை மீறும் நாட்டின் சரக்குக்குத் தடையோ கூடுதல் வரியோ விதிக்கலாம் என்பது அதன் சாரம். இந்தியாவில் இடதுசாரிச் சங்கங்கள் முதல் ஆர்எஸ்எஸ் சார்ந்த பிஎம்எஸ் சங்கம் வரை இதை எதிர்த்தோம். எந்தப் பிரச்சினையிலும் ஒரே மேடையில் ஏறாதவர்கள் அன்று ஒரே குரலில் பேசினோம்! மறைமுகக் காப்புவரி என்றுதான் நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். 1996ல் அந்த அமைப்பின் சிங்கப்பூர் மாநாட்டில், அது ஐஎல்ஓவின் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின்) வேலை என்று பிரகடனத்தில் எழுதி ஒதுக்கினார்கள்.

1999 நவம்பரில் அதே அமைப்பின் மாநாடு, அமெரிக்காவின் சியாட்டிலில். தெருவில் அமெரிக்கத் தொழிலாளர்களும் கடலாமை வேடம் போட்ட சுற்றுச்சூழல்காரர்களும். மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் அன்று வேலையை நிறுத்தினார்கள். உள்ளே இந்தியக் குழுவுக்குத் தலைவர் நம் முரசொலி மாறன், அப்போது மத்திய வர்த்தக அமைச்சர். தொழிலாளர் தரத்துக்காக ஒருநாள் பொருளாதாரத் தடையும் வரலாம் என்ற பொருளில் கிளிண்டன் ஒரு பேட்டியில் சொல்லிவிட, வளரும் நாடுகள் கொதித்தன. மாறன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. மாநாடு முறிந்தது.

மேலைநாட்டுப் பத்திரிகைகள் தெருப் போராட்டத்தால் முறிந்தது என்று எழுதின. அரங்குக்குள் எங்கள் பக்கத்தார் போட்ட முட்டுக்கட்டையைப் பற்றி அதிகம் பேச்சில்லை. தெருவில் நின்ற தொழிலாளியும் உள்ளே இருந்த மாறனும் ஒருவரையொருவர் எதிர்த்துக்கொண்டே ஒரே மாநாட்டைக் கவிழ்த்தார்கள்.

#7 பனியன்_கம்பெனி

தோழர், இது எனக்குத் தெரியாதுங்க. நன்றி. மாறன் அப்ப அமைச்சர்னு தெரியும், இது தெரியாது.

#8 வெட்டிவேர்

தராசு, 2015 பத்தி ஒரு குழப்பம். அந்த ஜூன்லயே ஒரு ஓட்டுல ஒபாமா தோத்தாருன்னும், தொழிலாளருக்கு உதவித்தொகை குடுக்கற திட்டத்தையே சங்கங்கள் தோக்கடிச்சாங்கன்னும் படிச்சேன். தங்களுக்கு வர்ற காசைத் தாங்களே வேண்டாம்னா சொல்லுவாங்க?

#9 தராசு

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். செனட் அனுப்பியது ஒரே மசோதா, அதில் இரண்டு பகுதி. ஒன்று ஃபாஸ்ட் டிராக்: ஒப்பந்தம் முடிந்து வந்தால் காங்கிரஸ் ஒரு வார்த்தையையும் திருத்த முடியாது, மொத்தமாக ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். இன்னொன்று டிஏஏ: இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும். டெமாக்ரட்களை இழுக்க வைத்த வெல்லம் அது.

சபையில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டுக்கு விட்டார்கள். இரண்டும் தேறினால்தான் மசோதா தேறும். ரிபப்ளிகன்களில் பெரும்பாலோர் உதவித்தொகையை எப்படியும் எதிர்ப்பார்கள் என்று சங்கங்கள் கணக்குப் போட்டன. டெமாக்ரட்களும் எதிர்த்தால் மொத்தமும் கவிழும். முந்தின நாள் மாலை ஒபாமா எம்.பி.க்களின் பேஸ்பால் ஆட்டத்துக்கே போய் நின்றார். ஜூன் 12 காலையில் நேரே நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போய்க் கேட்டார். சபையில் அவருடைய கட்சித் தலைவர் நான்சி பெலோசி எழுந்து, எதிர்த்து ஓட்டுப் போடுவதாகச் சொன்னார். முடிவு 126க்கு 302. அந்த 126ல் டெமாக்ரட்கள் 40 பேர்தான்.

ஆறே நாளில் ஃபாஸ்ட் டிராக்கைத் தனி மசோதாவாக்கி 218க்கு 208ல் நிறைவேற்றிவிட்டார்கள் என்பது வேறு. டிஏஏவும் அடுத்த வாரம் நிறைவேறியது.

#10 மிச்சிகன்_மாமா

அந்த "வெல்லம்" பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்கதான் இவங்க கசப்போட வேர் இருக்கு.

டிஏஏ 1962ல கென்னடி கொண்டுவந்தது. அப்ப ஏஎஃப்எல்-சிஐஓ, அதாவது சங்கங்களோட தேசியக் கூட்டமைப்பு, வர்த்தகத்துக்கு எதிரி கிடையாது! அதோட தலைவர் ஜார்ஜ் மீனி கென்னடியோட வர்த்தகச் சட்டத்தை ஆதரிச்சாரு. உலகப் போர் முடிஞ்சு ஐரோப்பாவும் ஜப்பானும் படுத்துக் கிடந்த காலம், அமெரிக்கா செஞ்சா உலகம் வாங்கும். பேரம் என்னன்னா, நாங்க சந்தையைத் திறந்து விடறோம், அதுல அடிபடற தொழிலாளியை அரசாங்கம் பார்த்துக்கணும்.

அந்தத் திட்டத்துல முதல் தொழிலாளிக்கு உதவி கிடைச்சது எப்பன்னு நினைக்கறீங்க? 1969 நவம்பர். ஏழு வருஷம் ஒரு மனுவும் தேறல. அந்த அளவுக்கு விதியை இறுக்கி வெச்சிருந்தாங்க. அப்ப வந்த கேலிதான் "சவ அடக்கக் காப்பீடு". செத்தப்புறம் செலவுக்குக் காசு வரும், உயிர் வராது. எழுபதுகள் தொடங்கும்போது அதே மீனியோட கூட்டமைப்பு இறக்குமதிக்கு ஒதுக்கீட்டு வரம்பு கேட்டு பர்க்-ஹார்ட்கி மசோதாவுக்குப் பின்னால நின்னாச்சு. அது நிறைவேறல.

நானும் ஒண்ணு பார்த்தேன். பக்கத்து ஊர்ல மூடின ஒரு பிளான்ட்ல இருந்து வந்தவர், ஐம்பத்தி மூணு வயசு, முப்பது வருஷம் பிரஸ் ஓட்டினவர். டிஏஏல கம்ப்யூட்டர் பயிற்சி எடுத்தாரு. சான்றிதழ் வாங்கினப்புறம் ஒரு ஹார்டுவேர் கடைல பெயின்ட் கலக்கற வேலை. என்னைப் பார்த்தா "இன்ஜினியர், உங்க ஊர்ல ஐம்பத்தி மூணு வயசுல படிக்கப் போவாங்களா?"ன்னு கேப்பாரு. சிரிச்சிட்டேதான் கேப்பாரு.

அதனால 2015ல அந்தக் காசை வேண்டாம்னு தள்ளினது எனக்கு ஆச்சரியமா இல்ல.

#11 நெய்தல்

ஓட்டுக் கணக்குலயே இழை போயிட்டிருக்கு. ஒப்பந்தத்தோட வாசகத்துக்குள்ள என்ன மாறுச்சுன்னு பார்க்கணும். நான் தொழிலாளர் சட்டம் பார்க்கிறவள், அதனால எனக்கு இதுதான் ருசி.

நாஃப்டாவுல தொழிலாளர் விஷயம் ஒரு துணை ஒப்பந்தமா ஒட்டப்பட்டது. புகார் குடுக்கலாம், சுமார் 40 புகார் போச்சு. சங்கம் அமைக்கிற உரிமை பத்தின புகார்னா அமைச்சர்கள் உக்காந்து பேசறதோட முடிஞ்சிடும். அதுக்கு மேல படியே கிடையாது. ஒரு புகார்கூட அபராதம் வரைக்கும் போகல.

அடுத்து காஃப்டா. இதுல வழக்குப் போட வழி இருந்தது. குவாத்தமாலாவுல சங்கத் தலைவர்கள் கொல்லப்படறாங்க, வேலையிலிருந்து நீக்கப்படறாங்கன்னு 2008ல ஏஎஃப்எல்-சிஐஓவும் அங்கத்திய சங்கங்களும் சேர்ந்து மனு குடுத்தாங்க. தீர்ப்பு வந்தது 2017ல. ஒன்பது வருஷம்! நடுவர் குழு என்ன சொல்லிச்சு தெரியுமா? சட்டத்தைச் சில இடங்கள்ல அமல்படுத்தலங்கறது நிரூபணம் ஆயிருக்கு, ஆனா அது "வர்த்தகத்தைப் பாதிக்கிற விதத்தில்" தொடர்ந்து நடந்ததுன்னு நிரூபிக்கல, அதனால தள்ளுபடி. ஒரு சொற்றொடர்ல வழக்கு செத்துச்சு.

இப்ப 2019க்கு வாங்க. டிரம்ப் நாஃப்டாவை மாத்தி எழுதி யுஎஸ்எம்சிஏன்னு கொண்டு வந்தாரு. சபை டெமாக்ரட்கள் கையில. கூட்டமைப்புத் தலைவர் ரிச்சர்ட் டிரம்கா ஒத்துக்கிட்டாத்தான் பெலோசி ஓட்டுக்கு விடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மாசக்கணக்குல இழுத்தாங்க. 2019 டிசம்பர் 10 அன்னிக்குத் திருத்தம் கையெழுத்தாச்சு, அதே நாள் ஏஎஃப்எல்-சிஐஓ ஆதரவு. சபையில 385க்கு 41. மேல தராசு குடுத்த எண்களோட ஒப்பிட்டுப் பாருங்க.

அந்தத் திருத்தத்துல என் கண்ணு போன இடம்: உரிமை மீறல் நடந்தா அது வர்த்தகத்தைப் பாதிச்சதாவே எடுத்துக்கணும், இல்லன்னு எதிர்த்தரப்புதான் நிரூபிக்கணும். குவாத்தமாலாவுல எந்த வார்த்தை கொன்னதோ, அந்த வார்த்தையைத் திருப்பிப் போட்டுட்டாங்க. தோத்த வழக்கோட தீர்ப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதின வரி அது.

இன்னொண்ணு, விரைவு நடவடிக்கை முறை. நாட்டு மேல இல்ல, ஒரு குறிப்பிட்ட ஆலை மேலயே புகார். அந்த ஆலைச் சரக்குக்கு மட்டும் சலுகை நிறுத்தலாம். மெக்சிகோவுல சிலாவ் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைதான் முதல்ல சிக்கினது. 2021 ஏப்ரல்ல கூட்டு ஒப்பந்தத்து மேல தொழிலாளர் ஓட்டெடுப்பு, பழைய சங்கத்தோட ஆட்கள் வாக்குச்சீட்டை அழிச்சதா மெக்சிகோ அரசே நிறுத்திச்சு. மே மாசம் அமெரிக்கா புகார் போட்டது. ஆகஸ்ட்ல மறு ஓட்டு, பழைய ஒப்பந்தம் தோத்துச்சு. 2022 பிப்ரவரில சின்ட்டியாங்கற புதுச் சுயேச்சைச் சங்கம் நாலுல மூணு பங்குக்கும் மேல ஓட்டு வாங்கி ஜெயிச்சது. மே மாசம் 8.5% கூலி உயர்வு. ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் ஒரு வருஷம். குவாத்தமாலாவுக்கு ஒன்பது.

#12 பனியன்_கம்பெனி

இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நெய்தல் அக்கா, இதே முறைல மெக்சிகோக்காரன் அமெரிக்க ஆலை மேல புகார் குடுக்க முடியுமா? நேர்மையாச் சொல்லுங்க.

#13 நெய்தல்

நேர்மையாவே சொல்றேன், பெயருக்குத்தான் முடியும். அமெரிக்கத் தொழிலாளர் வாரியம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருக்கிற ஆலை மேல மட்டும்தான் புகார் குடுக்கலாம். மாமா சொன்ன சாப்பாட்டு அறை போட்டோவுக்கெல்லாம் அதுல இடமே இல்ல. ஒருபக்கத் தராசுதான். (நீங்க இல்ல தராசு சார்.)

அதே சமயம், பணக்கார நாட்டுச் சட்டத்தைப் பிடிச்சு நம்ம ஊர்ச் சங்கமும் ஏறியிருக்கு. திண்டுக்கல் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆலையில வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தர் 2021 ஜனவரில கொல்லப்பட்டாங்க. பெண்கள் தலைமைல இயங்குற டிடிசியு சங்கம் போராடி, 2022 ஏப்ரல்ல ஆலை நிர்வாகத்தோடயும் எச் அண்ட் எம் கம்பெனியோடயும் ஒப்பந்தம் போட்டது. கேப், பிவிஎச்ங்கற அமெரிக்க ஆடைக் கம்பெனிகள் ரெண்டும் அப்புறம் சேர்ந்துச்சு. பாலியல் தொல்லையையும் சாதி ஒடுக்குமுறையையும் தடுக்க, ஆலைக்குள்ளயே தொழிலாளர் கண்காணிப்பு. மீறினா பையர் ஆர்டரை நிறுத்தலாம். அந்த ஜூலைல அமெரிக்க சுங்கத்துறை, கட்டாய உழைப்புச் சரக்கைத் தடுக்கற 1930ம் வருஷத்துச் சட்டத்துல அந்த ஆலைச் சரக்கை நிறுத்தி வெச்சது, ஒப்பந்தம் நடைமுறைல இருக்கறதைக் காட்டினதும் செப்டம்பர்ல விட்டுடுச்சு. உள்ளூர்ப் போராட்டம் இல்லாம வெறும் சுங்க உத்தரவு மட்டும் வந்திருந்தா ஆலை மூடியிருக்கும், பொண்ணுங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க. உங்க பயம் அதுதான்னு எனக்குப் புரியுது.

#14 ஓய்வு_தோழர்

அம்மா நெய்தல், இதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். 1996ல் நாங்கள் சொன்ன காரணம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவர்கள் கையில் தடை அதிகாரத்தைக் கொடுத்தால் அவர்கள் வசதிக்குத்தான் ஓங்குவார்கள். ஆனால் "ஐஎல்ஓ பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு நாங்கள் என்ன செய்தோம்? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பஞ்சாலைகளில் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வைத்தபோது எங்கள் கொடி அந்த வாசலுக்குப் பெரும்பாலும் போகவில்லை. எனக்கு அதில் கூச்சம் உண்டு.

#15 தராசு

அரசியல் செல்வாக்கு பற்றித் தொடங்கிய கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனெனில் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. சங்கத் தலைமை சொன்னதை உறுப்பினர் கேட்கிறாரா?

ரிச்சர்ட் கெப்ஹார்ட், நாஃப்டாவை எதிர்த்த டெமாக்ரடிக் தலைவர். 2004ல் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் நின்றார். தொழில்துறைச் சங்கங்கள் பெரும்பாலும் அவர் பின்னால். முதல் சுற்று நடந்த ஐயோவா மாநிலத்தில் நான்காம் இடம், மறுநாளே விலகல்.

2016 இன்னும் மோசம். ஹிலாரி கிளிண்டன், வெளியுறவு அமைச்சராக இருந்தபோது டிபிபி ஒப்பந்தத்தை (பசிபிக் கடலோர நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம்) புகழ்ந்தவர், 2015 அக்டோபரில் எதிர்ப்பதாக அறிவித்தார். சங்கங்களின் வற்புறுத்தல் இல்லாமல் அது நடந்திருக்காது. சங்கங்களும் அவரை ஆதரித்தன. ஆனால் 2012ல் சங்கக் குடும்பங்களில் ஒபாமாவுக்கு இருந்த 18 புள்ளி முன்னிலை, 2016 வாக்குச்சாவடிக் கணிப்பில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. மிச்சிகனை டிரம்ப் வென்றது 10,704 ஓட்டில். பதவியேற்ற மூன்றே நாளில், 2017 ஜனவரி 23ல், டிபிபியிலிருந்து விலகிக் கையெழுத்திட்டார். இருபதாண்டு சங்கங்கள் கேட்டதைச் செய்தவர் அவர்கள் எதிர்த்து வேலை செய்த வேட்பாளர்!

வேட்பாளரை வெட்கப்பட வைக்கும் சக்தி அவர்களுக்கு இருந்தது, வாக்காளரை நம்ப வைக்கும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. தனியார் துறையில் சங்கத்தில் இருப்பவர்கள் இப்போது 6 சதவீதத்துக்கும் கீழே. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஆசிரியர், அரசு ஊழியர். அவர்கள் வேலை மெக்சிகோவுக்குப் போகாது.

#16 பனியன்_கம்பெனி

அப்ப 2025 ஆகஸ்ட்ல எங்க சரக்கு மேல 50% வரி விழுந்துச்சே, அதுக்கும் இவங்கதான் கைதட்டினாங்களா?

#17 மிச்சிகன்_மாமா

இல்ல தம்பி, அதை அவங்க தலைல கட்டாதீங்க. உங்க 50%ல பாதி ரஷ்ய எண்ணெய் விவகாரம், இவங்க கேட்டதே இல்ல.

கார் வரி வேற கதை. 2025 மார்ச் கடைசில 25% கார் வரி அறிவிச்சப்ப கார்த் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யுவோட தலைவர் ஷான் ஃபெயின் பாராட்டி அறிக்கை விட்டாரு. 2024 தேர்தல்ல கமலா ஹாரிஸுக்காக டிரம்ப்பை வறுத்தெடுத்த அதே ஆளு! எங்க பார்க்கிங்ல ஒரு வாரம் இதுதான் பேச்சு. அப்புறம் எல்லா நாட்டு மேலயும் கண்ணை மூடிக்கிட்டு வரி போடறதை ஆதரிக்கலன்னும் சொன்னாரு.

உருக்குத் தொழிலாளர் சங்கத்துக்கு இன்னும் தர்மசங்கடம். அவங்களுக்குக் கனடாவுலயும் உறுப்பினர் இருக்காங்க. கனடா மேல வரி போட்டா, தன் ஆளு வேலையைத் தன் ஆளே பறிக்கற மாதிரி. கனடா பிரச்சினை இல்லன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. கார்த் தொழிலாளருக்கு அந்தச் சங்கடம் இல்ல, ஏன்னா கனடாக்காரங்க 1985லயே யுஏடபிள்யுவைவிட்டுப் பிரிஞ்சு தனிச் சங்கம் ஆயிட்டாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் டெட்ராய்ட், அந்தப் பக்கம் வின்ட்சர். ஒரே காரோட பாகம் பாலத்துல பல தடவை போய் வருது. இந்தப் பக்கச் சங்கம் வரியைப் பாராட்டுது, அந்தப் பக்கச் சங்கம் எதிர்க்குது.

#18 வெட்டிவேர்

எல்லாருக்கும் நன்றி. இழை பூட்டாம இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு. ஒரு கடைசிக் கேள்வி. யுஎஸ்எம்சிஏவுக்கு 2026 ஜூலைல மறு ஆய்வுன்னு விதி இருக்காமே. விரைவு நடவடிக்கை முறையை அப்ப யாராவது வெட்டிடுவாங்களா?

#19 நெய்தல்

விதிப்படி மூணு நாடும் உக்காந்து இன்னும் 16 வருஷத்துக்கு நீட்டிக்கலாமான்னு முடிவு பண்ணணும். சங்கங்கள் அந்த முறையை இன்னும் இறுக்கணும்னு கேப்பாங்க, ஆலை முதலாளிகள் தளர்த்தச் சொல்லுவாங்க. 2019ல டிரம்கா கையில சபை இருந்துச்சு. அவர் 2021ல இறந்துட்டாரு. இந்தத் தடவை எந்தத் திருத்தத்துக்கும் காங்கிரஸ் ஓட்டு தேவைப்படற மாதிரி எழுதுவாங்களா, இல்ல தேவைப்படாத மாதிரி எழுதுவாங்களான்னுதான் நான் பார்த்திட்டிருக்கேன். ஓட்டே இல்லன்னா லோக்கல் கூட்ட அறைல யாரை உக்கார வெச்சுக் கேக்கறது?

#20 மிச்சிகன்_மாமா

அதேதான். சரி, எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. பனியன் தம்பி, அந்த அஞ்சு ரூவா பையர் கடைசில என்ன விலைக்கு ஒத்துக்கிட்டான்?

#21 பனியன்_கம்பெனி

ரெண்டு ரூவா கொறைச்சோம்ணே. ஆடிட் அடுத்த புதன்கிழமை.